ஹோம்ஸ்கூலிங் புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு: முதல் வருஷத்த எப்படிக் கொண்டு போறது

பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்லயே படிக்க வைக்கலாம்னு முடிவு பண்ணிட்டவங்க, பண்ணலாமா வேண்டாமான்னு ராத்திரி தூக்கம் வராம யோசிச்சுக்கிட்டு இருக்கறவங்க, ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இத எழுதறேன். எங்க வீட்ல மூணு பிள்ளைங்க, மூணு பேரும் வீட்லதான் படிக்கறாங்க. புதுசா வர்றவங்க எங்ககிட்ட முதல்ல கேக்கறதே எந்த சிலபஸ் வாங்கணும்ங்கறதுதான். சிலபஸ் அப்புறமா பார்த்துக்கலாம், அதுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய வேலை நிறைய கிடக்கு, வரிசையா சொல்றேன். ஆனா ஒரு விஷயத்த மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க. வீட்ல சொல்லிக் குடுக்கறவங்களோட முதல் வேலை பிள்ளையக் கவனிக்கறது. எந்த இடத்துல நிக்கறா, எதப் பார்த்தா ஓடி வர்றா, எப்போ முகம் வாடுதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். முப்பது நாப்பது பேர் உக்கார்ந்திருக்கற கிளாஸ்ல எவ்வளவு நல்ல டீச்சரா இருந்தாலும் ஒவ்வொருத்தர அப்படிப் பார்க்க நேரம் கிடையாது, உங்களுக்கு இருக்கு. வீட்ல படிக்கறதோட லாபம் பெரும்பாலும் அங்க இருந்துதான் வருது.

முதல்ல சட்டம்

நீங்க இருக்கற நாட்டுல இது செல்லுமான்னு பார்க்காம ஸ்கூல்ல இருந்து டிசி வாங்கிடாதீங்க. நாட்டுக்கு நாடு ரொம்பவே மாறும். ஜெர்மனில ஸ்கூலுக்குப் போறதே கட்டாயம், வீட்ல படிக்க வைக்கறேன்னு சொல்லிட்டு உக்கார முடியாது. ஸ்வீடன்ல 2011ல இருந்து விசேஷக் காரணம் இருந்தாத்தான் அனுமதி. பிரான்ஸ்ல முன்னாடி தகவல் சொன்னாப் போதும்னு இருந்துச்சு, 2022 கல்வி ஆண்டுல இருந்து முன்கூட்டியே அனுமதி வாங்கணும்னு மாத்திட்டாங்க. இங்கிலாந்துல 1996 கல்விச் சட்டமே பிள்ளைக்கு ஸ்கூல்லயோ வேற வழியிலயோ கல்வி குடுக்கறது பெத்தவங்க கடமைன்னு சொல்லுது, அதனால வழி திறந்து இருக்கு, ஏற்கனவே ஸ்கூல்ல இருக்கற பிள்ளைன்னா பேர எடுக்கச் சொல்லி ஸ்கூலுக்கு எழுதிக் குடுக்கணும். அமெரிக்காவுல 50 மாநிலத்துலயும் சட்டப்படி செல்லும், ஆனா டெக்சாஸ்ல அரசாங்கத்துக்கு ஒரு கடுதாசி கூட எழுத வேண்டியதில்ல, நியூயார்க்ல வருஷ ஆரம்பத்துல திட்டம் எழுதிக் குடுத்து மூணு மாசத்துக்கு ஒரு ரிப்போர்ட்டும் அனுப்பணும். சிங்கப்பூர்ல விலக்கு வாங்கணும், பிள்ளை தொடக்கப் பள்ளி முடிவுல வர்ற பி.எஸ்.எல்.இ.ங்கற தேசியப் பரீட்சைய எழுதியாகணும். இந்தியாவுல 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும் பேசுது, ஹோம்ஸ்கூலிங்க பேர் சொல்லி அனுமதிக்கற பிரிவுன்னு அதுல எதுவும் இல்ல, குடும்பங்க பெரும்பாலும் என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம்) மாதிரி, ஸ்கூலுக்குப் போகாமலே பரீட்சை எழுத விடற திறந்தநிலை போர்டு வழியா சர்டிபிகேட் வாங்கறாங்க.

இந்த விதியெல்லாம் மாறிக்கிட்டே இருக்கும். அதனால அரசாங்கக் கல்வித் துறையோட பக்கத்துல போய் இப்போ என்ன எழுதி இருக்குன்னு நீங்களே படிங்க, பிரிண்ட் எடுத்து ஒரு ஃபைல்ல வைங்க. தெரிஞ்சவங்க சொன்னாங்கங்கறது இந்த விஷயத்துல போதாது. ஸ்கூலுக்கோ ஆபீசுக்கோ குடுக்கற ஒவ்வொரு லெட்டருக்கும் தேதி போட்ட காப்பி ஒண்ணு உங்ககிட்ட இருக்கணும்.

அடுத்து வீட்டுக்குள்ள பேசி முடிங்க

ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு அரைமனசுன்னா ஆரம்பிக்காதீங்க, மூணாவது மாசத்துல பிள்ளை ஒரு நாள் அழுதா அந்த அரைமனசுதான் முதல்ல பேசும். உக்கார்ந்து பேசி, ஏன் இத பண்றோம்னு ஒரு பக்கத்துக்கு மிகாம எழுதுங்க. "ஸ்கூல் பிடிக்கல"ன்னு மட்டும் எழுதினா பத்தாது, பிள்ளைக்கு என்ன கிடைக்கணும்னு நினைக்கறீங்களோ அத எழுதணும், நல்லாத் தூங்கணும், தமிழ் சரளமா படிக்கணும், கேள்வி கேக்க பயப்படக் கூடாது, இப்படி. பின்னால எந்த புஸ்தகம், எந்த கிளாஸ்னு குழப்பம் வர்றப்ப அந்தப் பேப்பர எடுத்துப் பார்த்தா பாதிக் கேள்விக்கு அங்கயே பதில் கிடைச்சிடும்.

கூடவே யாரு எந்த நேரத்துல பிள்ளைங்களோட இருப்பாங்க, யாரு சமைப்பாங்க, வருமானம் எவ்வளவு குறையும், அதத் தாங்க முடியுமா, இதையும் பேசணும். வீட்டு வேலையும் பாடமும் ஒருத்தர் தலையிலயே விழற வீட்ல இது ரொம்ப நாள் ஓடாது, இத நான் கண்டிப்பாவே சொல்றேன். வேலைக்குப் போறவங்க சாயங்காலம் அரை மணி நேரம் கதை படிச்சுக் காட்டறதோ கணக்கு பாக்கறதோ தன் பங்கா எடுத்துக்கிட்டா வீட்ல இருக்கறவங்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். தாத்தா பாட்டி கூட இருந்தா அவங்ககிட்டயும் முதல்லயே சொல்லிடுங்க, அவங்களுக்குன்னு ஒரு வேலை குடுங்க, தையலோ தோட்டமோ பழைய கதையோ, எது கைவருமோ அது. வெளிய நின்னு கவலைப்படறவங்க உள்ள வந்துட்டாங்கன்னா பாதிச் சண்டை இருக்காது.

ஸ்கூல்ல இருந்து எடுத்த பிள்ளைன்னா கொஞ்ச நாள் சும்மா விடுங்க

அஞ்சாறு வருஷம் மணி அடிச்சா எழுந்திருக்கறதும், மார்க்குக்காகப் படிக்கறதும் பழகின பிள்ளைய அடுத்த திங்கக்கிழமையே டைனிங் டேபிள்ல உக்கார வச்சு அதே பாடத்த ஆரம்பிச்சா, வீடும் ஸ்கூல் ஆயிடும், நீங்க அம்மா அப்பாவா இல்லாம டீச்சர் ஆயிடுவீங்க. ஸ்கூல்ல இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாசம்னு இடைவெளி விடணும்னு ஹோம்ஸ்கூல் குடும்பங்களுக்குள்ள ஒரு கணக்கு உண்டு. அது யாரோட அனுபவத்துல இருந்தோ வந்த உத்தேசக் கணக்குதான், பிள்ளையப் பார்த்துக் கூட்டலாம் குறைக்கலாம். நீங்க இருக்கற இடத்துச் சட்டம் பாடத்த உடனே ஆரம்பிக்கணும்னு சொன்னா, ஆரம்பிங்க, ஆனா லேசா வைங்க.

இந்த நாள்ல என்ன பண்றது? தூங்க விடுங்க, விளையாட விடுங்க, நிறைய வாசிச்சுக் காட்டுங்க, வெளிய கூட்டிட்டுப் போங்க. "போர் அடிக்குது"ன்னு சொல்லும், சொல்லட்டும், அந்த போர் அடிக்கற நேரத்துல பிள்ளை தானா எத எடுத்து வச்சுக்கிட்டு உக்காருதுன்னு பாருங்க, அங்கதான் உங்களுக்கு வேணுங்கற தகவல் இருக்கு. ஒரு நோட்டு போட்டு எழுதுங்க: எத்தனை மணிக்கு மூளை சுறுசுறுப்பா இருக்கு, கையில எதாவது செஞ்சுக்கிட்டே கேட்டா நல்லா ஏறுதா, தனியா இருக்கப் பிடிக்குதா, திரும்பத் திரும்ப எதப் பத்தி கேக்கறா. பின்னால பாடத் திட்டம் போடறப்ப இந்த நோட்டுதான் உதவும்.

ஒரு நாள் எப்படி இருக்கும்

இதுலதான் புதுசா வர்றவங்க ரொம்ப பயந்துக்கறாங்க, எட்டு மணி நேரம் நான் எப்படி பாடம் எடுப்பேன்னு. எடுக்கவே வேண்டாம். ஸ்கூல் நாள்ல அட்டெண்டன்ஸ், கிளாஸ் மாறறது, மத்த பிள்ளைங்க முடிக்கற வரைக்கும் காத்திருக்கறது, நோட்டு திருத்தக் குடுத்துட்டு உக்கார்ந்திருக்கறதுன்னு போற நேரம் நிறைய. ஒருத்தருக்கு ஒருத்தர் நேர்ல உக்கார்ந்தா அந்த நேரமெல்லாம் மிச்சம். எங்க வீட்லயும் எங்களுக்குத் தெரிஞ்ச வீடுகள்லயும் நான் பார்த்த வரைக்கும் ஆறேழு வயசுக்கு எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம், ஒம்பது பத்து வயசுக்கு ரெண்டு மணி நேரம், பதிமூணுக்கு மேல மூணு நாலு மணி நேரம், அதுல பாதிக்கு மேல அவங்களே தனியா படிக்கறது. அஞ்சு வயசுக்குக் கீழன்னா பாடம்னு ஒண்ணு தனியா வேண்டாம், பேச்சும் விளையாட்டும் கதையும் போதும்.

மணிக்கணக்குல டைம்டேபிள் போட்டு சுவத்துல ஒட்டாதீங்க. 9 மணிக்கு கணக்கு, 9.40க்கு தமிழ்னு போட்டீங்கன்னா 9.15க்கு ஒரு போன் வந்தாலே நாள் முழுக்க பின்தங்கிட்ட மாதிரி ஒரு பதட்டம் வந்துடும். அதுக்குப் பதிலா வரிசைய மட்டும் பிடிச்சுக்கோங்க. சாப்பிட்டதுக்கு அப்புறம் எல்லாரும் சேர்ந்து வாசிப்பு, அடுத்து கணக்கு, அடுத்து வெளிய விளையாட்டு, திரும்பி வந்து எழுத்து, மத்தியானம் அவங்கவங்க இஷ்டம், இப்படி. மணி முன்ன பின்ன ஆனாலும் அடுத்து என்னன்னு பிள்ளைக்குத் தெரியும், ஒவ்வொண்ணுக்கும் நீங்க கத்த வேண்டியதில்ல. மூளைக்கு வேலை வைக்கற கணக்கும் எழுத்தும் அடுத்தடுத்து வர வேண்டாம், நடுவுல உடம்புக்கு ஒரு வேலை இருக்கட்டும்.

சின்னப் பிள்ளைக்கு ஒரு பாடம் பத்துப் பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். இத நூறு வருஷத்துக்கு முன்னாடியே இங்கிலாந்துல ஷார்லட் மேசன்னு ஒரு கல்வியாளர் வலியுறுத்திச் சொன்னாங்க, சின்னப் பாடம், முழுக் கவனம், கவனம் கலையறதுக்குள்ள நிறுத்திடணும்னு. செஞ்சு பார்த்தா அதோட அருமை தெரியும். இன்னும் ரெண்டு கணக்கு பண்ணலாமேன்னு பிள்ளை கேக்கறப்ப நிறுத்தினா நாளைக்கு நோட்டத் தூக்கிட்டு அதுவே வரும், களைச்சுப் போற வரைக்கும் இழுத்தா நாளைக்கு நோட்டப் பார்த்தாலே வயித்து வலி வரும்.

வீட்டு வேலையையும் பாடமா எண்ணுங்க, நிஜமாவே சொல்றேன். அளந்து சமைக்கறது, பில் கூட்டிப் பார்க்கறது, துணி மடிக்கறது, பஸ் டைம் பார்த்துக் கிளம்பறது, உடைஞ்ச பொம்மையப் பிரிச்சு ஒட்டறது, இதெல்லாம் படிப்பு நேரத்தத் திருடற வேலைன்னு நினைச்சா தினமும் எரிச்சல்தான். பிள்ளைய கூட நிறுத்திக்கிட்டு செஞ்சா நேரம் ரெண்டு மடங்கு ஆகும், அந்த ரெண்டு மடங்கு நேரத்துல அளவு, வரிசை, பொறுமை, பேச்சு எல்லாம் சேர்ந்தே நடந்துடும்.

அப்புறம், மோசமான நாளுக்குன்னு ஒரு சின்னத் திட்டம் வச்சுக்கோங்க. ஜுரம், விருந்தாளி, மனசு சரியில்ல, எதா வேணா இருக்கட்டும், அன்னைக்கு ஒரு கதை வாசிப்பு, அஞ்சு கணக்கு, கொஞ்ச நேரம் வெளிய நடை, அவ்வளவுதான். இது நடந்தாலே அன்னைக்குப் படிப்பு நடந்துச்சுன்னு கணக்கு.

தமிழ் வாசிக்கக் கத்துக் குடுக்கறது

இதக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா வேற ஊர்ல, வேற மொழி நடுவுல வளர்ற பிள்ளைங்களுக்கு வீட்டுப் படிப்புல கிடைக்கற பெரிய சொத்து இதுதான்னு நான் நம்பறேன். 247 எழுத்துன்னு சொன்னதும் மலைப்பா இருக்கும், சார்ட் வாங்கி ஒட்டி அ-ல ஆரம்பிச்சு வரிசையா ஒப்பிக்க வைப்பாங்க, பிள்ளை பாட்டு மாதிரி ஒப்பிக்கும், தனியா ஒரு எழுத்தக் காட்டினா முழிக்கும். உண்மைல புதுசா கத்துக்க வேண்டியது 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம், அப்புறம் உயிர் வந்து சேர்றப்ப போடற குறிங்க. 216 உயிர்மெய்யும் அந்தச் சேர்க்கைல வந்துடும். உ, ஊ சேர்ற 36 எழுத்து மட்டும்தான் கு, சு, து, மு-ன்னு வடிவமே ஒவ்வொண்ணுக்கு ஒரு மாதிரி வளையும், அத மட்டும் தனியா, மெதுவா, கடைசில எடுங்க.

வரிசைப்படி போகாம எழுத சுலபமான ட, ப, ம, ர, த-ல ஆரம்பிங்க. அஞ்சு எழுத்தும் ஒரு புள்ளியும் தெரிஞ்சாலே படம், பட்டம், மரம், மடம்னு வார்த்தை வாசிச்சுடலாம். முதல் வாரத்துலயே தானா ஒரு வார்த்தைய வாசிச்ச பிள்ளையோட முகத்தப் பாருங்க, அந்த சந்தோஷம்தான் அடுத்த மாசம் வரைக்கும் இழுத்துட்டுப் போகும். அப்புறம் துணைக்கால் (ா) குடுங்க, பாடம் பாரம் மாதம்னு விளையாடுங்க. அடுத்து இ, ஈ குறி. ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு வர்றப்ப ஒண்ணு சொல்லிக் குடுக்கணும், எழுதறப்ப கொம்பு முன்னாடி வருது, வாய்ல சத்தம் பின்னாடி வருது. கொ, கோ-வுக்கு ரெண்டு பக்கமும் குறி வரும். பிள்ளைங்க இங்க தடுமாறினா அது இயல்புதான், ரெண்டு நாள் இதே எழுத்தோட இருங்க.

க-ங்கற ஒரே எழுத்து கல், பகல், தங்கம் மூணுலயும் வேற வேற மாதிரி ஒலிக்கும். வீட்ல தமிழ் பேசற பிள்ளைக்கு இத விதியா சொல்லிக் குடுக்கத் தேவையே இல்ல, வார்த்தை தெரிஞ்சிருக்கறதால வாய் தானா சரியா போயிடும். வீட்ல தமிழ் கம்மியா பேசற பிள்ளைக்குத்தான் கஷ்டம், அவங்களுக்கு எழுத்துக்கு முன்னாடி பேச்சு வேணும், நிறைய கதை கேக்கணும். ல ள ழ, ர ற, ன ண ந பிழைங்கள முதல் வருஷத்துல சிவப்பு மை போட்டுத் திருத்தாதீங்க, நிறைய வாசிச்சா பாதிக்கு மேல தானா சரியாகும்.

இன்னொரு சிக்கல், நாம பேசறது ஒண்ணு புஸ்தகத்துல இருக்கறது ஒண்ணு. "வந்தாங்க"ன்னு பேசற பிள்ளை "வந்தார்கள்"னு வாசிக்கறப்ப அது வேற மொழி மாதிரி நிக்கும். இதுக்கு மருந்து ஒண்ணுதான், தினமும் நீங்க சத்தமா வாசிச்சுக் காட்டறது. பிள்ளை தானா வாசிக்க ஆரம்பிச்ச பிறகும் நிறுத்தாதீங்க, பத்துப் பன்னெண்டு வயசு வரைக்கும் கூட வாசிச்சுக் காட்டலாம். வாசிச்சு முடிச்சதும் கேள்வி பதில் வேண்டாம், "என்ன நடந்துச்சுன்னு நீ சொல்லேன்"னு மட்டும் கேளுங்க. கேட்டத தன் வார்த்தைல திருப்பிச் சொல்ற பிள்ளைக்குக் கவனமும் வரும், வரிசையா யோசிக்கவும் வரும், பின்னால கட்டுரை எழுதறதுக்கு அடித்தளமும் அங்கயே விழுந்துடும். அஞ்சு வாக்கியத்துல முடிச்சாலும் பரவால்ல, நடுவுல திருத்தாமக் கேளுங்க.

கணக்கு

கைல தொட்டு, படமா வரைஞ்சு, அதுக்கப்புறம்தான் எண்ணு. இந்த வரிசைய 1960கள்ல ஜெரோம் புரூனர்ங்கற உளவியலாளர் தெளிவா சொல்லி வச்சாரு, இன்னைக்கு வரைக்கும் நல்ல கணக்குப் புஸ்தகமெல்லாம் அப்படித்தான் போகுது. குச்சிய பத்துப் பத்தா ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்க, 34ன்னா மூணு கட்டு நாலு குச்சி, 34ல இருந்து 8 எடுக்கணும்னா ஒரு கட்டப் பிரிச்சாகணும். கடன் வாங்கிக் கழிக்கறதுன்னா என்னன்னு அந்த ரப்பர் பேண்ட அவுக்கறப்பவே புரிஞ்சிடும். பின்னத்துக்கு பேப்பர மடிங்க, பாதி, அதுல பாதி, அது நாலுல ஒண்ணு, கீழ இருக்கற எண் பெருசாகப் பெருசாக துண்டு சின்னதாகுதுன்னு கண்ணால பார்க்கட்டும்.

வாய்ப்பாடு மனப்பாடம் வேணுமா வேண்டாமான்னு பெரிய வாக்குவாதமே நடக்கும், என்னைக் கேட்டா வேணும், ஆனா புரிஞ்சதுக்கு அப்புறம். ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் 100 பெருக்கல் இருக்கு. புள்ளி வச்சு 3 வரிசை 4 புள்ளி வரைஞ்சு பேப்பரத் திருப்பிக் காட்டினா 4 வரிசை 3 புள்ளி, ரெண்டும் ஒண்ணுதான்னு தெரிஞ்ச உடனே அது 55 ஆயிடும். ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, பத்து வாய்ப்பாடு பிள்ளைங்களுக்கு சுலபமா வந்துடும், அதையும் கழிச்சா மீதி 21தான். அந்த 21ஐ ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்து "இவ்வளவுதான் பாக்கி"ன்னு சொல்லிப் பாருங்க, பயம் போயிடும்.

ஒரு இடத்துல நின்னுட்டா அந்தப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் போட வைக்காதீங்க, பின்னாடி போய்ப் பாருங்க. நீள்வகுத்தல் வரலன்னா பெரும்பாலும் பிரச்சினை வகுத்தல்ல இருக்காது, கழித்தலோ பெருக்கலோ இன்னும் உறுதியாகாம இருக்கும். ரெண்டு வாரம் பின்னாடி போனா ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது, வீட்ல படிக்கறதுல இருக்கற சுதந்திரமே இதுதான்.

மத்த பாடங்க

அறிவியலும் வரலாறும் பத்து வயசு வரைக்கும் டெக்ஸ்ட்புக் இல்லாமலே போகும். தினமும் ராத்திரி நிலாவ வரையச் சொல்லுங்க, ஒரு சுத்து முடிய 29 நாள் சொச்சம் ஆகும், மேகம் மறைச்ச நாள்ல காலியா விடட்டும், மாசக் கடைசில வரிசையா பார்த்தா அதுவே ஒரு பாடம். ஒரு குச்சிய நட்டு மணிக்கு ஒரு தடவை நிழலோட நுனில கல் வைக்கச் சொல்லுங்க, நிழல் எப்போ ரொம்பக் குட்டையாச்சு, அது கடிகாரத்துல சரியா பன்னெண்டான்னு பார்க்கட்டும், பல இடத்துல இருக்காது, ஏன்னு கேள்வி வரும். வரலாறுக்கு சுவத்துல நீளமா ஒரு பேப்பர், பத்து வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்னு கோடு போட்டா ரெண்டாயிரம் வருஷம் ரெண்டு மீட்டர்ல அடங்கிடும், படிக்கற ஒவ்வொருத்தரையும் அவங்க இடத்துல எழுதிக்கிட்டே வாங்க. தாத்தா பொறந்த வருஷத்தையும் போடுங்க, அப்போதான் ஆயிரம் வருஷம்னா எவ்வளவு தூரம்னு பிள்ளைக்கு உறைக்கும்.

படிச்சது மறக்கும், அதுக்கும் ஏற்பாடு வேணும்

ஹெர்மன் எபிங்ஹாஸ்னு ஜெர்மன்காரர் ஒருத்தர் தன்ன வச்சே சோதனை பண்ணி 1885லயே எழுதினாரு, படிச்ச கொஞ்ச நேரத்துலயே வேகமா மறக்குது, இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தா நல்லா நிக்குதுன்னு. ஸ்கூல்ல இந்த ரிவிஷன பரீட்சை பார்த்துக்கும், வீட்ல நீங்கதான் பார்க்கணும். நாலு அறை தடுத்த ஒரு டப்பா, கொஞ்சம் அட்டை, ஒவ்வொரு அட்டைலயும் முன்னாடி கேள்வி பின்னாடி பதில். புதுசு தினமும், சரியா சொன்னா மூணு நாள் கழிச்சு, மறுபடி சொன்னா வாரம் கழிச்சு, அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு, தப்பாப் போனா திரும்ப முதல் அறைக்கு. தினமும் அஞ்சு நிமிஷம் போதும். பிள்ளையே அட்டை எழுதினா இன்னும் நல்லா நிக்கும்.

வேற வேற வயசுல பிள்ளைங்க இருந்தா

கதை, அறிவியல், வரலாறு, ஓவியம் எல்லாம் எல்லாரும் சேர்ந்து. கணக்கும் வாசிப்பும் மட்டும் அவங்கவங்க அளவுக்குத் தனித்தனியா. ஒரே கதையக் கேட்டுட்டு சின்னவன் படம் வரைவான், நடுவுல இருக்கறவ வாயால சொல்லுவா, பெரியவ ஒரு பக்கம் எழுதுவா.

கைக்குழந்தையோ மூணு வயசோ கூட இருந்தா முதல் இருபது நிமிஷத்த அதுக்குக் குடுங்க. பெரியவங்க படிப்ப முடிச்சுட்டு வர்றேன்னு தள்ளிப் போட்டா அது படுத்தற பாட்டுல யாரும் படிக்க முடியாது. மடியில வச்சு ரெண்டு புஸ்தகம் பார்த்து, கொஞ்சம் விளையாடி, மனசு நிறைஞ்ச குழந்தை அப்புறம் தானா ஒரு ஓரமா விளையாடும். படிப்பு நேரத்துல மட்டும் வெளிய வர்ற பொம்மைக் கூடை ஒண்ணு தனியா வைங்க, அது மத்த நேரத்துல கண்ணுல படக் கூடாது. கவனம் ரொம்பத் தேவைப்படற பெரியவளோட கணக்க குழந்தை தூங்கற நேரத்துக்குத் தள்ளுங்க.

எழுதி வைங்க

ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பிள்ளைக்கும் மூணு வரி: என்ன செஞ்சோம், எதுல நின்னா, என்ன கேள்வி கேட்டா. மாசத்துக்கு ஒரு எழுத்துத் தாள், ஒரு கணக்குத் தாள், ஒரு படம், தேதி போட்டு ஃபைல்ல. செஞ்சு பார்த்ததெல்லாம் போட்டோ எடுத்து மாச வாரியா வைங்க. வாசிச்ச புஸ்தகங்களோட பேர தனியா ஒரு பட்டியலா வைங்க. ரிப்போர்ட் கேக்கற நாட்டுல இருந்தா இந்த ஃபைல்ல இருந்தே எழுதிடலாம். கேக்காத நாட்டுலயும் இது வேணும், ஏன்னா நாலஞ்சு மாசம் ஆனதும் "ஒண்ணுமே படிக்கலயோ"ன்னு ஒரு பயம் எல்லா வீட்லயும் வரும், அன்னைக்கு பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்துல வச்சுப் பார்க்கணும்.

ஆளுங்களோட பழகறது

சொந்தக்காரங்க கேக்கற முதல் கேள்வி இதுதான், நாலு பேரோட பழக வேண்டாமான்னு. நியாயமான கேள்வி, அத நீங்களும் கேட்டுக்கணும். பிள்ளைக்கு வேணுங்கறது அதே முகங்கள வாரா வாரம் பார்க்கறது, அப்போதான் சண்டை போட்டு சமாதானம் ஆகி நட்பு வரும். மாசத்துக்கு ஒரு பெரிய கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறதுல அது வராது. அதனால ஏதாவது ஒரு விளையாட்டு, ஒரு இசை கிளாஸ், வாரம் ஒரு நாள் இன்னொரு ஹோம்ஸ்கூல் குடும்பத்தோட மத்தியானம், இப்படி நிலையா ரெண்டு மூணு ஏற்பாடு பண்ணுங்க. லைப்ரரிய விடாதீங்க. ஸ்கூலுக்குப் போற அக்கம்பக்கத்துப் பிள்ளைங்க வீட்டுக்கு வர்ற நேரத்துல உங்க பிள்ளைக்கு பாடம் வைக்காதீங்க, அந்த நேரம் விளையாட்டுக்கு. பதிமூணு பதினாலு வயசுல நண்பர்கள் தேவை ரொம்ப அதிகமாகும், ஒரு பிள்ளை ஸ்கூலுக்குப் போகணும்னு கேட்டா அதக் காது குடுத்துக் கேளுங்க.

கேள்வி கேக்கற சொந்தக்காரங்ககிட்ட வாதாட வேண்டாம், "இந்த வருஷம் இப்படிப் பார்க்கறோம் மாமா, நல்லா போயிட்டு இருக்கு"ன்னு சொல்லிட்டு பேச்ச மாத்துங்க. ஆனா பிள்ளைய நிக்க வச்சு "ஏழெட்டு எவ்வளவு சொல்லு"ன்னு சோதிக்க யாரையும் விடாதீங்க, அதுல மட்டும் கறாரா இருக்கணும்.

காசு குடுத்து வாங்கறதுக்கு முன்னாடி

இலவசமாவே நிறைய இருக்கு. கான் அகாடமிங்கற வெப்சைட்ல கணக்குப் பாடம் மொத்தமும் கிடைக்கும். பிரதம் புக்ஸ் பதிப்பகம் நடத்தற ஸ்டோரிவீவர் வெப்சைட்ல தமிழ்ல படக் கதைங்க வாசிப்பு நிலை வாரியா இருக்கு, பிரிண்டும் எடுக்கலாம். மதுரைத் திட்டம் 1998ல இருந்து பழைய தமிழ் நூல்கள மின்நூலா போட்டு வச்சிருக்காங்க, பெரிய பிள்ளைங்களுக்கு ஆகும். தமிழ் விக்கிப்பீடியாவும் இருக்கு. முதல் மூணு மாசம் இதையும் லைப்ரரியையும் வச்சு ஓட்டுங்க, அதுக்குள்ள பிள்ளை எப்படிப் படிக்குதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும், அப்புறம் சிலபஸ் வாங்கினா காசு வீணாகாது. வீடியோ போட்டுட்டு எழுந்து போயிடாதீங்க, சின்ன வயசுல கூட உக்கார்ந்து பார்த்து நடுவுல நிறுத்திப் பேசினாத்தான் அது பாடம்.

பரீட்சை, சர்டிபிகேட்

பன்னெண்டு வயசு ஆகறப்பவே இத யோசிக்க ஆரம்பிக்கணும். பிள்ளை என்ன படிக்க நினைக்குதோ அந்தக் காலேஜ் எந்த சர்டிபிகேட்ட ஏத்துக்குதுன்னு அங்க இருந்து பின்னோக்கி வாங்க. இந்தியாவுல என்.ஐ.ஓ.எஸ்.ல பத்தாவது சேர 14 வயசு ஆகியிருக்கணும், அதுக்குக் கீழ 3, 5, 8ஆம் வகுப்புக்குச் சமமான நிலைகளும் இருக்கு. பத்தாவது அளவுல இருக்கற கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. பரீட்சைய எந்த ஸ்கூல்லயும் சேராம பிரைவேட் கேண்டிடேட்டா எழுதலாம், ஆனா வெளி ஆளுங்கள சேத்துக்கற சென்டர் நீங்கதான் தேடணும், லேப் பிராக்டிகல் இருக்கற பாடத்துக்கு சென்டர் கிடைக்கறது கஷ்டம், அதனால பிராக்டிகலுக்குப் பதிலா எழுத்துத் தாள் இருக்கற வழி இருக்கான்னு முதல்லயே பாருங்க. பதிவு பரீட்சைக்குப் பல மாசம் முன்னாடியே முடிஞ்சிடும், தேதிய காலண்டர்ல பெருசா எழுதுங்க. கடைசி ஒண்ணு ஒன்றரை வருஷம் பழைய கேள்வித்தாள் போட்டு, நேரம் வச்சு எழுதற பழக்கம் வேணும். அது வரைக்கும் பரீட்சையே எழுதாத பிள்ளைக்கு மூணு மணி நேரம் உக்கார்றதே ஒரு பயிற்சிதான்.

எப்போ வெளி உதவி கேக்கணும்

ஸ்கூல்னா டீச்சர் யாராவது சொல்லுவாங்க, வீட்ல சொல்ல ஆள் இல்ல, அதனால நீங்க விழிப்பா இருக்கணும். தூரத்துல இருக்கற கரும்பலகையப் பார்த்துப் படிக்கற வேலை இல்லாததால கண் பார்வை கோளாறு வீட்ல தெரியாமலே போகலாம், வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணு, காது ரெண்டும் பார்த்துடுங்க. பேச்சுல எதுகை மோனை பிடிபடல, எழுத்த நேத்து தெரிஞ்சுது இன்னைக்குத் தெரியல, ஏழு எட்டு வயசுலயும் ஒவ்வொரு எழுத்தா திணறுது, வாசிக்கறதுன்னாலே ஒளியுதுன்னா, சோம்பேறின்னு திட்டாம டிஸ்லெக்சியா (வாசிக்கறதுல வர்ற கற்றல் சிரமம்) இருக்கான்னு தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. சீக்கிரம் தெரிஞ்சா சொல்லிக் குடுக்கற முறைய மாத்திக்கலாம், பிள்ளை தன்ன முட்டாள்னு நினைக்க ஆரம்பிக்கறதுக்குள்ள.

உங்களையும் பாருங்க. தினமும் கத்தல்ல முடியுது, தூக்கம் இல்ல, பிள்ளையோட உக்காரவே வெறுப்பா இருக்குன்னா ரெண்டு வாரம் லீவு விடுங்க, பாடத்தப் பாதியாக் குறைங்க, வாரத்துல ஒரு மத்தியானம் வீட்ட விட்டு தனியா வெளிய போங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு பேரும் உக்கார்ந்து, முதல்ல எழுதின அந்த ஒரு பக்கத்தையும் ஃபைலையும் எடுத்து வச்சு, எத நிறுத்தணும், எதத் தொடரணும்னு பேசுங்க, ஏழெட்டு வயசுக்கு மேல ஆன பிள்ளைங்கள அந்தப் பேச்சுல சேத்துக்கோங்க. ஸ்கூலுக்குத் திரும்பணும்னு முடிவானாலும் பரவால்ல. அப்போ சேர்க்கைக்கு என்ன கேப்பாங்கன்னு அந்த ஸ்கூல்லயே விசாரிங்க, சில இடத்துல நுழைவுத் தேர்வு வைப்பாங்க, சில இடத்துல வயச மட்டும் பார்ப்பாங்க, உங்க ஃபைல கையோட எடுத்துட்டுப் போங்க.